எலும்பு இழப்பை அளத்தல்: எலும்புப்புரை குறித்த விலங்கு ஆய்வுகளின் அளவீட்டு முறைகள்

எலும்புப்புரை நோயில் எலும்பு குறைவது வெளியே தெரியாமல் நடக்கிறது. மனிதரிடம் அது பெரும்பாலும் ஒரு முறிவின்போது வெளிப்படுகிறது. எலியிடம் அப்படியும் வெளிப்படுவதில்லை. சினைப்பைகள் அகற்றப்பட்ட எலி, கீழ்க்கால் எலும்பின் உள்ளிருக்கும் பஞ்சு எலும்பில் பாதிக்கு மேல் இழந்த பிறகும் கூண்டுக்குள் இயல்பாக நடமாடும். தானாக எலும்பு முறிவதில்லை. மனிதருக்கு உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த டி-ஸ்கோர் −2.5 போன்ற எல்லைக்கோடும் விலங்குகளுக்குக் கிடையாது. ஆகவே விலங்கு ஆய்வில் நோய் என்பதே ஓர் அளவீட்டின் முடிவு. எதை, எலும்பின் எந்த இடத்தில், எத்தனை வாரம் கழித்து, எந்த விலங்கோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த முடிவு மாறும். கருவியின் நுட்பம் இந்தக் கேள்விகளுக்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு இழப்புக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கும் உள்ள உறவை 1940களின் தொடக்கத்தில் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். பெண்களிடம் காணப்படுவதுபோன்ற மாதவிடாய் நிறுத்தம் எலிகளுக்கு இல்லாததால், அறுவை மூலம் இரு சினைப்பைகளையும் அகற்றி அந்த நிலையை உண்டாக்குகிறார்கள். இன்றும் இத்துறையின் பெரும்பகுதி ஆய்வுகள் இந்த எலியை நம்பியே நடக்கின்றன. அறுவை சரியாக நடந்ததா என்பதை ஆய்வின் முடிவில் கருப்பையை எடுத்து எடைபோட்டு உறுதிசெய்வார்கள். ஈஸ்ட்ரோஜன் நின்றுபோன விலங்கில் அது சுருங்கியிருக்கும். இந்த எளிய சோதனையைக் குறிப்பிடாத கட்டுரையின் எலும்பு எண்களைத் தயக்கத்தோடுதான் வாசிக்க வேண்டும். சினைப்பைத் துணுக்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டால், அந்த விலங்கு எலும்பை இழக்காமல் இருந்து, சோதிக்கப்படும் மருந்துக்குத் தகாத நற்பெயர் வாங்கிக் கொடுத்துவிடும்.

வேறு வழிகளிலும் எலும்பு இழப்பு உண்டாக்கப்படுகிறது. ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது, உணவில் கால்சியத்தைக் குறைப்பது, வாலைக் கட்டித் தூக்கிப் பின்னங்கால்கள் தரையில் படாமல் வைப்பது ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொன்றிலும் எலும்பு வேறு வேகத்தில், வேறு இடத்தில், வேறு காரணத்தால் குறைகிறது. அதனால் ஒரு மாதிரிக்குப் பொருந்திய அளவீடு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

ஒப்பீட்டுக் குழுவில்தான் பெரும் குழப்பங்கள் பிறக்கின்றன. வழக்கமாக இரண்டு குழுக்கள் இருக்கும். ஒன்றில் சினைப்பை அகற்றப்படும். மற்றதில் வயிற்றைத் திறந்து, சினைப்பையைத் தொட்டுவிட்டு மூடும் போலி அறுவை நடக்கும். மூன்று மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டு, முதல் குழுவில் எலும்பு குறைவாக இருந்தால் இழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் எலி நெடுநாள் வளரும் விலங்கு. மூன்று மாத வயதில் அறுவை செய்தால் போலி அறுவைக் குழுவின் எலும்பு இன்னும் பெருகிக்கொண்டிருக்கும். சினைப்பை அகற்றிய எலி இருந்ததை இழந்ததா, பெற வேண்டியதைப் பெறாமல் போனதா என்பது அந்த ஒப்பீட்டில் தெரியாது. இரண்டும் உயிரியலில் வெவ்வேறு நிகழ்வுகள். முதலாவது முதிர்ந்த பெண்ணின் நிலைக்கு நெருக்கமானது. இரண்டாவது வளரிளம் பருவத்துக் குறைபாட்டைப் போன்றது. இதைப் பிரித்தறிய மூன்றாவதாக ஒரு குழு தேவை. அதன் விலங்குகளை அறுவை நாளிலேயே கொன்று எலும்பை எடுத்து வைப்பார்கள். தொடக்க அளவு அதிலிருந்து கிடைக்கும். வளர்ச்சி மந்தமாகிவிட்ட, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தேர்ந்தால் சிக்கல் பெருமளவு குறையும்; வளர்ப்புச் செலவு கூடும் என்பதால்தான் பலர் இளம் எலிகளிடம் திரும்பிவிடுகிறார்கள்.

உடல் எடையும் ஒப்பீட்டைக் கலைக்கும். சினைப்பை இழந்த எலி அதிகம் தின்று பருக்கிறது. கூடிய எடை கால் எலும்புகளின் மேல் கூடிய சுமையாக விழுந்து இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடும். எனவே போலி அறுவைக் குழு உண்ணும் அளவே மற்றக் குழுவுக்கும் தரப்படுவதுண்டு.

எலும்பு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வளர்ச்சித் தட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு எலும்பில் அறுவைக்குப் பின் ஏறத்தாழ 14 நாளிலேயே இழப்பு தெரியும். தொடை எலும்பின் கழுத்தில் சுமார் 30 நாள், இடுப்பு முள்ளெலும்பில் சுமார் 60 நாள் ஆகும். தொடை எலும்பின் நடுத்தண்டிலோ நிலைமை தலைகீழாகவும் போகலாம்: உள்பக்கம் அரிக்கப்படும்போதே வெளிப்பக்கம் புதிய எலும்பு படிந்து தண்டு சற்றுப் பருக்கிறது. முழுத் தொடை எலும்பையும் ஒரே எண்ணாக அளக்கும் முறை, முனையில் நடந்த பேரிழப்பையும் நடுவில் நடந்த சிறு வரவையும் கூட்டிக் கழித்து, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடும்.

பழைய முறைகள் அப்படிப்பட்டவையே. எலும்பைச் சுத்தம் செய்து, தண்ணீரில் அமிழ்த்தி ஆர்க்கிமிடீஸ் விதிப்படி கன அளவு கண்டு, பின் சூளையில் எரித்துச் சாம்பலை எடைபோடுவார்கள். எத்தனை தாது இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான விடை இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்தத் தாது எலும்பின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதைச் சாம்பல் சொல்லாது. எரித்த எலும்பை வேறெந்தச் சோதனைக்கும் பயன்படுத்தவும் முடியாது. 1963இல் கேமரனும் சோரன்சனும் ஒளித்துகள் உறிஞ்சலைக் கொண்டு உயிருள்ள உடலில் எலும்புத் தாதுவை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்த வழியில் வளர்ந்த இரட்டை ஆற்றல் எக்ஸ்-கதிர் முறை, அதாவது டெக்சா, 1980களின் பிற்பகுதியில் பரவலாகி, சிறு விலங்குகளுக்கான மென்பொருளோடு ஆய்வகங்களுக்கும் வந்தது. விலங்கைக் கொல்லாமல், மயக்கத்தில் வைத்து மாதாமாதம் அளக்கலாம் என்பது அதன் பெரும் பலம். அதன் பலவீனம், முப்பரிமாண எலும்பைத் தட்டையான நிழலாகப் பார்ப்பது. பெரிய எலும்பு, உண்மை அடர்த்தி அதேயாக இருந்தாலும், டெக்சாவில் அடர்ந்ததாகத் தோன்றும். பஞ்சு எலும்பையும் அதைச் சூழ்ந்த கெட்டி எலும்பையும் டெக்சா பிரிக்காது. சுற்றியுள்ள கொழுப்பின் அளவு மாறினால் எண்ணும் சிறிது நகரும். சினைப்பை அகற்றிய எலியில் மாறுவதும் கொழுப்புதான். கீழ்க்கால் எலும்பின் மேல்முனை என்று ஒரு சிறு பகுதியை வரையறுத்து அளந்தால் டெக்சா நல்ல முதல்கட்டச் சல்லடையாகும். முழு உடல் அடர்த்தியை மட்டும் அளந்த ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்றால், அதை இழப்பு இல்லை என்று படிக்கக் கூடாது.

எலும்பின் உள்கட்டமைப்பை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் மைக்ரோ சிடி வந்தபின் துறையின் முகம் மாறியது. கூம்பு வடிவக் கதிர்க்கற்றையிலிருந்து முப்பரிமாணப் படத்தைக் கட்டியெழுப்பும் கணக்கை 1984இல் ஃபெல்ட்காம்பும் உடன் பணியாற்றியவர்களும் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வகுத்தார்கள். 1989இல் அதே முறை எலும்பின் உள்கட்டமைப்புக்குப் பயன்படுத்தப்பட்டது. இதில் பஞ்சு எலும்பின் நுண்சட்டங்கள் தனித்தனியே தெரியும். குறிப்பிட்ட கன அளவில் எலும்பின் பங்கு எத்தனை, சட்டங்கள் எத்தனை, தடிமன் என்ன, இடைவெளி என்ன, ஒன்றோடொன்று எப்படி இணைந்துள்ளன என்பனவெல்லாம் எண்களாகக் கிடைக்கும். சட்டங்கள் மெலிவதும் அறுந்துபோவதும் ஒன்றல்ல. மெலிந்த சட்டத்தின் மேல் புதிய எலும்பு படிய முடியும். அறுந்துபோனதை மீட்பது அரிது. சாம்பலுக்கும் டெக்சாவுக்கும் எட்டாத இந்த வேறுபாட்டை அளக்க முடிந்ததே மைக்ரோ சிடியின் உண்மையான பெறுமதி.

அழகான படம் தருவதாலேயே அதன் எண்கள் கேள்வி கேட்கப்படாமல் ஏற்கப்படுகின்றன என்பது கவலைக்குரியது. சுண்டெலியின் நுண்சட்டம் பெரும்பாலும் 60 மைக்ரோமீட்டருக்கும் மெல்லியது. படத்தின் அடிப்படைக் கனசதுரமான வோக்ஸல் அதோடு ஒப்பிட மிகச் சிறியதாக இல்லையென்றால் மெல்லிய சட்டங்கள் மறையும் அல்லது தடித்துத் தோன்றும். அடுத்தது எல்லை மதிப்பு. எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல் இருப்பதை எலும்பு என்று கொள்வது என்பதை ஆய்வாளரே தீர்மானிக்கிறார். எலும்பை வளர்க்கும் மருந்து கொடுத்த விலங்கில் புதிதாகப் படிந்த, தாது இன்னும் நிறையாத எலும்பு இந்த எல்லைக்குக் கீழே விழுந்து கணக்கில் சேராமல் போகக்கூடும். மூன்றாவது, அளக்கும் பகுதி. வளர்ச்சித் தட்டை ஒட்டியிருப்பது நீள்வளர்ச்சியின் உடனடி விளைபொருள். மறுசீரமைப்பால் உருவான எலும்பு அதற்கும் கீழே தொடங்குகிறது. தட்டிலிருந்து எவ்வளவு தள்ளி அளந்தார்கள் என்பது ஒரு மில்லிமீட்டருக்குள் மாறினாலும் முடிவு மாறும். இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த 2010இல் பூக்சைனும் மற்றவர்களும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வோக்ஸல் அளவு, எல்லை மதிப்பு, அளந்த பகுதி மூன்றையும் கட்டுரையில் எழுதியே ஆக வேண்டும் என்கின்றன.

உயிருள்ள விலங்கையே மீண்டும் மீண்டும் மைக்ரோ சிடியில் வைக்கலாம். இரு தேதிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் எங்கே எலும்பு அரிக்கப்பட்டது, எங்கே படிந்தது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் கதிர்வீச்சுக்கும் விலை உண்டு. அடிக்கடி படமெடுத்த காலில் அந்தக் கதிராலேயே பஞ்சு எலும்பு குறைவது சுண்டெலிகளில் காணப்பட்டிருக்கிறது. படமெடுக்காத மறுகாலை ஆய்வின் முடிவில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதனால் இன்றியமையாததாகிறது.

இதுவரை சொன்னவை எலும்பின் இருப்பை அளப்பவை. அது எந்த வேகத்தில் உருவாகிறது, அழிகிறது என்பதற்கு மெல்லிய வெட்டுத்துண்டுகளை நுண்ணோக்கியில் அளக்கும் திசுவியல் முறையே இன்றும் அளவுகோல். டெட்ராசைக்ளின் கொடுத்த விலங்குகளின் எலும்பு புற ஊதா ஒளியில் ஒளிர்வது 1950களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையைச் சேர்ந்த ஹரால்ட் ஃப்ராஸ்ட் அதையே ஒரு கடிகாரமாக்கினார். குறித்த நாள் இடைவெளியில் இருமுறை டெட்ராசைக்ளின் அல்லது கால்சீன் கொடுத்தால், தாது படியும் விளிம்பில் இரண்டு ஒளிர்கோடுகள் பதியும். கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நாட்களால் வகுத்தால் ஒரு நாளில் எத்தனை மைக்ரோமீட்டர் எலும்பு படிந்தது என்பது வரும். பரப்பில் எவ்வளவு பங்கில் கோடு இருந்தது என்பதோடு பெருக்கினால் உருவாக்க வேகம் கிடைக்கும். ஆளுக்கொரு பெயர் சூட்டி எழுதிவந்த இந்த அளவுகளுக்கு 1987இல் பார்ஃபிட் தலைமையிலான குழு பொதுக் குறியீடுகளை வகுத்தது. 2013இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

இந்தக் கோடுகள் இல்லாமல் போயிருந்தால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும் நிகழ்வுகள் பல. சோவியத் ஒன்றியம் 1975இல் ஏவிய காஸ்மாஸ் 782 செயற்கைக்கோளில் சென்ற எலிகள் 19 நாளுக்கு மேல் விண்வெளியில் இருந்து திரும்பின. அவற்றின் கால் எலும்பின் வெளிப்பரப்பில் டெட்ராசைக்ளின் கோடுகளை அளந்த மோரியும் பேலிங்கும், எலும்பு உருவாவது பயணத்தின்போது ஒடுங்கிவிட்டதை 1978இல் வெளியிட்டார்கள். எடையற்ற நிலையில் எலும்பு குறைந்ததற்கு அரிப்பு கூடியதே காரணம் என்று கொண்டிருந்தால் இளம் எலியின் கதை பிழையாகியிருக்கும். சினைப்பை அகற்றிய எலியில் படம் வேறு: உருவாக்கமும் கூடுகிறது, அரிப்பு அதையும் மிஞ்சிக் கூடுகிறது. உருவாக்க வேகத்தை மட்டும் அளந்தவர் எலும்பு செழிக்கிறது என்று கருதிவிடக்கூடும்.

அரிப்புக்கு அப்படிப்பட்ட கடிகாரம் கிடையாது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் தின்ற இடத்தில் பள்ளம்தான் மிஞ்சும். எப்போது, எத்தனை வேகத்தில் தின்றன என்பது பதிவாகாது. அந்தச் செல்களை நிறமேற்றி எண்ணலாம். ஆனால் சில மருந்துகள் அவற்றைக் கொல்லாமல் செயலிழக்க மட்டும் செய்யும். அப்போது எண்ணிக்கை கூடியிருந்தும் அரிப்பு குறைந்திருக்கும். இந்த இடைவெளியை நிரப்ப, கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய டெட்ராசைக்ளினை இளமையிலேயே எலும்பில் படியவைத்து, அரிப்பின்போது அது சிறுநீரில் வெளியேறும் அளவைக் கணக்கிடும் முறை உருவானது. வெங்காயம் போன்ற காய்கறிகள் எலிகளில் எலும்பு அரிப்பைக் குறைப்பதாக 1999இல் மூல்பாவர் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இந்த முறையை நம்பியே. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் இரத்தக் குறிகாட்டிகள் பிடித்துவிட்டன. கொலாஜன் உடைவதிலிருந்து வரும் சிடிஎக்ஸ் அரிப்பையும், பி1என்பி, ஆஸ்டியோகால்சின் ஆகியவை உருவாக்கத்தையும் காட்டுகின்றன. உணவும் நாளின் நேரமும் சிடிஎக்ஸ் அளவைப் பெரிதும் மாற்றும். பட்டினி போட்டு, ஒரே நேரத்தில் இரத்தம் எடுக்காவிட்டால் குழுக்களின் வேறுபாடு வெறும் உணவுநேர வேறுபாடாக இருந்துவிடலாம். வளரும் எலியில் நீள்வளர்ச்சியும் இந்தக் குறிகாட்டிகளை உயர்த்தும். முழு எலும்புக்கூட்டுக்குமான கூட்டுத்தொகையைச் சொல்லும் இவற்றை, ஒரே எலும்பில் கண்ட மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

எலும்பின் அளவு வேறு, வலிமை வேறு என்பதை இத்துறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. மாயோ கிளினிக்கின் ரிக்ஸும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், எலும்புப்புரை கண்ட 202 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு நான்கு ஆண்டு தரப்பட்டது. இடுப்பு முள்ளெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்தது. அடர்த்தியை மட்டும் பார்த்தால் அது வெற்றிதான். ஆனால் முள்ளெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகளோ கூடின. கூடிய தாது நல்ல எலும்பாக அமையவில்லை. அந்தப் பெண்கள் பட்ட துன்பத்தின் பாடம் 1994இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டு நெறிகளில் பதிந்தது. அந்த நெறிகளின்படி, புதிய மருந்தைச் சினைப்பை அகற்றிய எலியிலும், கெட்டி எலும்பை உள்ளிருந்தே புதுப்பிக்கும் ஒரு பெரிய விலங்கிலும் சோதிக்க வேண்டும். எலியில் 12 மாதம், பெரிய விலங்கில் 16 மாதம் கொடுக்க வேண்டும். பலன் தரும் அளவோடு அதன் ஐந்து மடங்கும் சோதிக்கப்பட வேண்டும். அடர்த்தி உயரும்போது வலிமையும் உயர்கிறதா என்பதை எலும்பை உடைத்தே காட்ட வேண்டும்.

உடைப்பதிலும் நுணுக்கங்கள் உண்டு. மிகப் பரவலானது மூன்று புள்ளி வளைவுச் சோதனை: தொடை எலும்பை இரு தாங்கிகளின் மேல் கிடத்தி, நடுவில் அழுத்தி முறிப்பது. செய்ய எளிது என்பதே அது பரவியதற்குக் காரணம். ஆனால் முறிவது நடுத்தண்டின் கெட்டி எலும்பு. எலியில் இழப்பு மிகக் குறைவாக நடக்கும் இடமும் அதுதான். மருந்து பஞ்சு எலும்பைக் காத்ததா என்று அறிய முள்ளெலும்பை மேலும் கீழும் இணையாகச் சீவி அமுக்கிப் பார்ப்பதும், தொடை எலும்பின் கழுத்தை முறிப்பதும் பொருத்தமானவை. முறிவு விசையிலிருந்து பொருளின் நெகிழ்வுக் குணகத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் நீண்ட மெல்லிய தண்டுக்கு எழுதப்பட்டவை. சுண்டெலியின் குட்டையான தொடை எலும்பில் வெட்டுருமாற்றம் பெரும்பங்கு வகிப்பதால் அந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைந்த மதிப்பையே தரும். எலும்பு உலர்ந்தால் விறைப்பு கூடி, உடையும் முன் ஏற்கும் ஆற்றல் குறையும். அதனால் உப்புநீர் நனைத்த துணியில் சுற்றி −20 டிகிரியில் வைத்து, ஈரம் காயாமல் சோதிக்கிறார்கள்.

வலிமைக்கும் அப்பால் எலும்பின் தரம் என்ற கேள்வி இருக்கிறது. அரிப்பை அதிகமாக அடக்கினால் பழைய எலும்பில் நுண்விரிசல்கள் சரிசெய்யப்படாமல் சேருமா? 2000இல் மாஷிபா, பர் முதலானோர் அரிப்பை அடக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்தை அதிக அளவில் கொடுத்த நாய்களில் அவ்வாறு சேர்வதைக் காட்டினார்கள். விரிசல்களைக் காண, வெட்டும் முன்பே எலும்புத் துண்டு முழுவதையும் ஃபுக்சின் சாயத்தில் ஊறவைத்தார்கள். வெட்டும்போது உண்டாகும் விரிசல்களை உயிருள்ளபோது உண்டானவற்றிலிருந்து பிரிக்க இது உதவுகிறது. எலியில் இதைக் காண்பது கடினம். அதன் கெட்டி எலும்பில் மனிதருடையதுபோல உள்ளிருந்தே நடக்கும் ஹேவர்சியப் புதுப்பித்தல் பெரும்பாலும் நடப்பதில்லை. 1994இன் வழிகாட்டு நெறிகள் பெரிய விலங்கை வலியுறுத்தியது இதற்காகத்தான்.

விலங்கின் இனமே சில வேளைகளில் அளவீட்டைத் தீர்மானித்துவிடும். டெனோசுமாப் என்ற எதிர்ப்பொருள், ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டும் ஆர்ஏஎன்கேஎல் புரதத்தின் மனித வடிவத்தைப் பற்றும், எலியின் புரதத்தைப் பற்றாது. ஆகவே அது குரங்குகளிலும், மனிதப் புரதம் பொருத்தப்பட்ட சுண்டெலிகளிலும் சோதிக்கப்பட்டது. எலும்பு அரிப்பில் பங்குகொள்ளும் கதெப்சின் கே நொதியைத் தடுக்கும் ஓடனகாடிப் என்ற மருந்து எலியின் நொதி மேல் வலுவாகச் செயல்படாததால் முயல், குரங்கு என்று போக வேண்டியிருந்தது. எலும்பு அளவீடுகளில் நல்ல முடிவுகள் தந்த அந்த மருந்து, மனிதரிடம் பக்கவாத அபாயம் தெரிந்ததும் 2016இல் கைவிடப்பட்டது. செம்மறியாட்டில் எலும்பின் நிலை பருவத்தோடு ஏறி இறங்கும். கோடையில் தொடங்கிய குழுவையும் குளிர்காலத்தில் தொடங்கியதையும் ஒப்பிட முடியாது.

இந்தியாவில் பாரம்பரிய மூலிகைகளை இந்த மாதிரிகளில் சோதிக்கும் ஆர்வம் மிகுதி. எலும்பு முறிவுக்குத் தமிழகத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் பிரண்டை, சினைப்பை அகற்றிய எலிகளில் 2000களின் தொடக்கத்திலிருந்து ஆராயப்பட்டுவருகிறது. இத்தகைய சாறுகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தாவரச் சாற்றில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருள் இருந்தால் எலும்பு காக்கப்படும், சுருங்க வேண்டிய கருப்பையும் பருக்கும். கருப்பை எடையை எலும்பு எண்களின் பக்கத்திலேயே அச்சிட்டால்தான் வாசகர் எலும்புக்கான மருந்தையும் ஹார்மோன் பதிலியையும் பிரித்தறிய முடியும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியின் இரத்த அளவை மட்டும் வைத்து எலும்பு வளர்ந்தது என்று முடிவுகட்டவும் இயலாது. கல்லீரலும் குடலும் அதைச் சுரக்கின்றன. நம்பி உண்ணும் மக்கள் ஏராளமாக இருக்கும் ஒரு மூலிகைக்கு முள்ளெலும்பு அமுக்கச் சோதனையும், தொடக்கக் குழுவும், எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியாதபடி அளந்த மைக்ரோ சிடியும் தரப்படுவது அந்த மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.

ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தைத்தான் காட்டும் என்பதால், நல்ல ஆய்வில் ஒரே விலங்கின் எலும்புகள் முன்கூட்டியே பங்கிடப்படுகின்றன. வலத் தொடை எலும்பு உறைகுளிரில் வளைவுச் சோதனைக்குக் காத்திருக்கும். இடக் கீழ்க்கால் எலும்பு முதலில் மைக்ரோ சிடிக்குப் போய், பின் தாது நீக்கப்படாமல் பிளாஸ்டிக்கில் பதிக்கப்பட்டு வெட்டப்படும். அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளில் ஒன்று படத்துக்கும் மற்றது அமுக்குவதற்கும் ஒதுக்கப்படும். வரிசை மாறினால் ஈடுசெய்ய முடியாது. அமிலத்தில் தாது நீக்கிய எலும்பில் ஒளிர்கோடுகள் கரைந்துபோயிருக்கும். ஃபார்மலினில் கிடந்த எலும்பின் வலிமை எண்களை நம்ப முடியாது. கோடுகளைக் காக்க 70 சதவீத எத்தனாலில், வெளிச்சம் படாமல் வைக்கிறார்கள். எந்த எலும்பு எதற்கு என்ற பட்டியலை முதல் அறுவைக்கு முன்பே எழுதி வைப்பதால், ஒரே தொகுதி எலிகளிடமிருந்து இருப்பு, வேகம், வலிமை மூன்றும் கிடைக்கின்றன. இரண்டாவது தொகுதியைக் கொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.